பங்காளித் தீட்டு

பிடுங்கிப் போட்ட மல்லாட்டைக் கொடி மூன்று நாளாகக் கொல்லையில் காய்ந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் காலையிலும் கொடியிலிருந்து கடலைக் காய் ஆய யாரும் வரவில்லை. கஸ்தூரி ஒரு கட்டைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரில் மகள் ஓவியா உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பதின்மூன்று வயதுக்குப் பெண்ணின் கை வேகமாகத்தான் ஓடியது. ஆனாலும் இரண்டு பேர் நாலு கை. கொல்லை முக்கால் ஏக்கர்.

ஈச்சந்தாங்கலில் காய் ஆய்வது தனியாள் வேலை இல்லை. ஒரு வீட்டுக் கொல்லைக்குத் தெருவே திரண்டு வரும். பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொடியைத் தலைகீழாகப் பிடித்து உருவுவார்கள். வாய் ஒரு பக்கம் பேசும், கை ஒரு பக்கம் பறிக்கும். பொழுது சாயும்போது காயைக் கூறு போட்டு, பத்துக் கூறுக்கு ஒன்றைக் கூலியாக மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். மறுநாள் வேறு வீட்டுக் கொல்லை. இரண்டு வருஷமாகக் கஸ்தூரியின் கொல்லைக்கு மட்டும் அந்தக் கூட்டம் வருவதில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததல்ல. கூப்பிட்டால் ஒருத்திக்கு இடுப்பு வலி, இன்னொருத்திக்கு நாத்தனார் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும்.

"செல்வி சித்தி நம்ம கொல்லைய தாண்டித்தான்மா போனாங்க. என்னப் பாத்து சிரிச்சாங்க. ஆனா நிக்கல" என்றாள் ஓவியா.

"சிரிச்சா இல்ல? அது போதும். கையப் பாரு, காம்போட பறிக்கிற."

நாலு மணிக்கு ராஜமாணிக்கம் வந்தான். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு விடுதியில் அவன் சமையல் வேலை பார்த்தான். விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், வெளிநாட்டு ஆட்களுக்குக் காரம் கம்மியாகவும் வடநாட்டு ஆட்களுக்கு ஜாஸ்தியாகவும் ஆக்கிப் போட்டுவிட்டுத் திரும்புவான். சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அவனும் உட்கார்ந்தான்.

"திங்கக்கெழம சாட்சி ஆரம்பிக்குதாம். நாளைக்கு வக்கீலு ரெண்டு பேரையும் வரச் சொன்னாரு."

கஸ்தூரி தலையை ஆட்டினாள். ஆய்ந்த காயில் ஒரு முறம் எடுத்துத் தனியாக வைத்தாள். அது வக்கீலுக்கு வேகவைத்துக் கொண்டுபோக.

வழக்கில் அவள் முதல் குற்றவாளி. கொலை. ராஜமாணிக்கம் இரண்டாவது. சாட்சியத்தை அழித்தது. அவன் அழித்த சாட்சியம் ஒரு ரவிக்கை.

*

கொல்லைக்கு நடுவில் இருந்த கிணறு இரண்டு வீட்டுக்குப் பொது. ராஜமாணிக்கத்தின் அப்பாவும் அவருடைய தம்பியும் சேர்ந்து வெட்டியது. அப்பா காலத்துக்குப் பிறகு ராஜமாணிக்கம் ஒரு பாதி, சித்தப்பா மகன் சின்னசாமி ஒரு பாதி. ஒரே மோட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை.

இரண்டாயிரத்து ஒன்றில், மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் பகல் கரண்ட். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் மோட்டார் ஓடும். அன்று முறை கஸ்தூரியுடையது. ராஜமாணிக்கம் வேலைக்குப் போயிருந்தான். அவள் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். பத்தரை மணி வாக்கில் சின்னசாமி வந்தான். குடித்திருந்தான். வாய்க்காலை உடைத்துத் தன் கொல்லைக்குத் தண்ணீரைத் திருப்பினான். அவள் அடைத்தாள். அவன் மறுபடி உடைத்தான். மூன்றாம் முறை அவள் உடைப்பிலேயே நின்றுகொண்டாள்.

அதற்கு மேல் நடந்ததைக் கஸ்தூரி யார் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொன்னாள். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை.

"பின்னாலருந்து கழுத்த புடிச்சாரு. இன்னொரு கை ரவிக்கையில. கிழிஞ்சுது. மூச்சு வர்ல. கையில மம்முட்டி இருந்துது. தோளுக்கு மேல ஒரு வீசு வீசினேன். கழுத்துல இருந்த கை வுட்டுச்சு."

திரும்பிப் பார்த்தபோது சின்னசாமி தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். இடது காதுக்கு மேலிருந்து ரத்தம் வந்தது. அவள் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். எல்லாரும் கொல்லை வேலைக்குப் போன நேரம், தெருவில் ஆளில்லை. கிட்டத்தில் இருந்த வீடு சின்னசாமியின் வீடுதான். அவன் மனைவி தனம் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் போய் நின்றாள்.

வேன் பிடித்துத் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோனார்கள். சின்னசாமி விடிகாலையில் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

ஐந்து மணிக்கு அவனுடைய அண்ணன் ராமதாஸ் தெருவில் வந்தான். அந்தத் தெருவில் பங்காளி வீடு பதினொன்று. சாவு வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து வாசலில் நின்று சொல்லவேண்டும். சொன்னால்தான் அந்த வீட்டுக்குத் தீட்டு. சொன்ன நிமிஷத்திலிருந்து அடுப்பு மூட்டக்கூடாது. வீட்டில் எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, போட்டிருந்தது கிடந்தது எல்லாத் துணியையும் நனைத்து அலச வேண்டும். ராமதாஸ் ஒவ்வொரு வாசலாக நின்றான். கஸ்தூரியின் வாசலிலும் நின்றான். உள்ளே பார்க்காமல், "சின்னசாமி பூட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

கஸ்தூரி சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்க அப்படியேதான் இருந்தாள். ராஜமாணிக்கம் அவளை எழுப்பிக் கொண்டுபோய்த் தலையில் நாலு குடம் ஊற்றினான். மகளுக்கு ஊற்றினான். தானும் ஊற்றிக்கொண்டான். பிறகு மூலையில் கிடந்தது, கொடியில் தொங்கியது, பாயோடு சுருட்டியது எல்லாவற்றையும் அள்ளிப்போய்த் தொட்டியில் நனைத்து, சோப்புப் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்தான். அவள் ரவிக்கையும் அதில் இருந்தது. கிழிசல் கையில் தட்டுப்பட்டது. அவன் யோசிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பங்காளி சாவு என்றால் செய்வதைச் செய்தான்.

பத்து மணிக்குப் போலீஸ் வந்தபோது துணிகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. வந்த அதிகாரி கொடியைப் பார்த்தார்.

"பரவால்லியே. நாங்க வர்றதுக்குள்ள சுத்தமா தொவைச்சுட்டீங்க."

கஸ்தூரியை வேலூரில் பெண்கள் சிறையில் வைத்தார்கள். அங்கே அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் கருமாதி. அன்று விடிந்ததும் குழாயடியில் போய் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். காவலுக்கு நின்ற வார்டன் அம்மா கேட்டாள், "இன்னாடி, இன்னிக்கி வெள்ளிக்கெழமகூட இல்லியே?"

"பங்காளித் தீட்டு. இன்னியோட கழியுது."

"செத்தது யாரு?"

கஸ்தூரி சொன்னாள். "நல்லாகீதுடி. நீயே அடிச்சிட்டு நீயே தீட்டு காக்கறியா?" என்று வார்டன் அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, சீக்கிரம் தொவட்டு. சளி புடிக்கப் போவுது."

எழுபத்து நாலு நாளில் ஜாமீன் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. அப்போதிலிருந்து இரண்டு வருஷம்.

*

வக்கீல் அருணகிரிக்குத் தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் மாடியில் ஓர் அறை. அவித்த மல்லாட்டையைப் பேப்பரில் கொட்டி மேஜைமேல் வைத்தாள் கஸ்தூரி. அவர் ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டபடி பேசினார். தோல் கேஸ் கட்டுகளின்மேல் விழுந்தது.

"இதப் பாரும்மா. கோர்ட்டுக்குள்ள போறப்ப நீ நிரபராதி. கட்டு எவ்ளோ தடியா இருந்தாலும் சரி. நீதான் செஞ்சன்னு சந்தேகத்துக்கு எடமில்லாம காட்ட வேண்டியது அவங்க வேல. நீ வாயத் தொறக்கவே வேணாம்."

"ரெண்டு வருஷமா என் கொல்லைக்கு ஒரு ஆளு வர்ல சார். அவங்க எல்லாம் யாருகிட்ட கேட்டாங்க, காட்டுன்னு?"

"தெருவுக்கு அந்தச் சட்டம் கெடையாது." இன்னொரு காயை உடைத்தார். "இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நில்லு. யாரும் கண்ணால பாக்கல. குடிச்சவன் தொட்டி மேல வுழுந்திருக்கலாம். நான் கேள்வி கேட்டு சந்தேகத்த கெளப்பறேன். சந்தேகம்னா அதோட பலன் உனக்குத்தான். ரெண்டாவது, அடிச்சேன், என் உசுர காப்பாத்திக்க அடிச்சேன்னு சொல்றது. அதுக்கும் சட்டத்துல எடமிருக்கு. ஆனா அடிச்சேன்னு சொன்னா பாதி வேலைய நீயே அவங்களுக்கு செஞ்சு குடுத்துடற. மீதிய, ஏன் அடிச்சேங்கறத, நாம காட்டணும்."

"மொத வழியே போயிடலாம் சார்" என்றான் ராஜமாணிக்கம். "எங்க ரெண்டு பேரையும் உள்ள போட்டா பொண்ணு எங்க போவும்? இவ அம்மா வூட்லயும் யாருமில்ல."

"நீ சும்மா இரு" என்றாள் கஸ்தூரி.

"எத்தினி நாளைக்கி சும்மா இருக்கறது? உன் வாய்தான்டி கேசு. தெருவுல நின்னுகிட்டு அடிச்சுட்டேன் அடிச்சுட்டேன்னு கத்தாம இருந்திருந்தா…"

"கத்தலன்னா அவரு அங்கியே கெடந்திருப்பாரு. யாருக்குத் தெரியும், அங்க ஒரு ஆளு கெடக்கறது?"

"இப்ப மட்டும் பொழைச்சுட்டானா?"

கஸ்தூரி வக்கீலிடம் திரும்பினாள்.

"நான் அடிக்கலன்னு சொன்னா, அவரு என் கழுத்த புடிக்கலன்னு ஆயிடும் சார். அப்பறம் நானாத்தான் கூப்ட்டேன்னு ராமதாசு ஊரெல்லாம் சொல்றது நெசமாயிடும். என் பொண்ணு அந்த ஊர்லதான் இருக்கணும். அடிச்சேன். அத மாத்த மாட்டேன்."

அருணகிரி கையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டார்.

"சரி. அவங்க அளவுக்கு நீ காட்ட வேணாம். இப்டித்தான் நடந்திருக்கும்னு ஜட்ஜுக்குத் தோணினாலே போதும். ஆனா தோணறதுக்கு கையில எதுனா வேணுமே. கழுத்துல தடம் இருந்துதா?"

"இருந்துது. நாலு வெரலு."

"டாக்டர் பாத்தாரா?"

"என்ன யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவல."

"ரவிக்க?"

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான். கிழிசல் இருந்தது. ஆனால் துவைத்த ரவிக்கையில் மண்ணும் இல்லை, ரத்தமும் இல்லை. பிற்பாடு யார் வேண்டுமானாலும் கிழித்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு சொல்ல வசதியாக இருந்தது.

"அன்னிக்கு உன்ன யாரு பாத்தா?"

"தனம் பாத்துச்சு."

"செத்தவன் பொண்டாட்டி." வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அவ அவங்க சாட்சிம்மா. ரெண்டு புள்ளைங்கள வச்சிகிட்டு இருக்கறவ. புருஷன் மேல பழி வர்ற மாதிரி ஒரு வார்த்த சொல்லுவாளா?"

"சொல்லுமான்னு தெரியாது. ஆனா அன்னிக்கு நான் போய் நின்னதும், அவர பாக்க ஓடறதுக்கு முன்னாடி, கொடியில கெடந்த துண்ட எடுத்து என் மேல போட்டுச்சு. அப்பறம்தான் ஓடுச்சு."

வக்கீல் கடலைத் தோலைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"இத ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"துண்டு போட்டதெல்லாம் கேசுல வருமான்னு எனக்குத் தெரியல சார்."

*

திங்கட்கிழமை பௌர்ணமி. திருவண்ணாமலை ஊருக்குள் பஸ் விடமாட்டார்கள் என்று தெரிந்து எல்லாரும் முதல் பஸ்ஸுக்கே நின்றார்கள். ஈச்சந்தாங்கலுக்கு அந்த நேரத்துக்கு அந்த ஒரு பஸ்தான். குற்றவாளியும் சாட்சியும் அதில்தான் போக வேண்டும். ராமதாஸும் ராஜமாணிக்கமும் பின்வாசலில் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்து நின்றார்கள். முன்னால் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் தனம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலி. கஸ்தூரி நின்றுகொண்டே வந்தாள். கீழ்பென்னாத்தூரில் கூட்டம் ஏறியதும் கண்டக்டர், "யம்மா, எடம் இருக்கே, உக்காரேன். வழிய மறிச்சிகிட்டு" என்று கத்தினான். அவள் உட்கார்ந்தாள். திருவண்ணாமலை வரை இரண்டு பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் தோள் பட்டபடி, எதிரே ஓட்டுநருக்கு மேல் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். மலையைச் சுற்ற வந்த கூட்டம் ரோட்டை அடைத்து நடந்தது. அதற்கு எதிர்த் திசையில் இவர்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

"கஸ்தூரி… ராஜமாணிக்கம்… கஸ்தூரி… ராஜமாணிக்கம்…" என்று டவாலி மூன்று தடவை கூப்பிட்டபோது பதினொன்றரை. இரண்டு பேரும் கூண்டில் ஏறி நின்றார்கள். முதலில் ராமதாஸ். கிணற்றுத் தகராறு பழசு என்றான். கஸ்தூரிக்கு வாய் நீளம் என்றான். போலீஸ் வருவதற்குள் ரத்தக் கறையைத் துவைத்துவிட்டார்கள் என்றான். அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். அருணகிரி எழுந்தார்.

"உங்க தம்பி எறந்தது ராஜமாணிக்கத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் போய் சொன்னேன்."

"அடிச்சவங்க வீடுன்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொன்னீங்க?"

ராமதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்தான். "வயிறு எரிஞ்சுது சார். ஆனா பங்காளி வூடு. சாவ சொல்லாம தாண்டிப் போவக்கூடாது."

"சொன்னா அந்த வீட்ல இன்னா செய்வாங்க?"

"தலைக்கு ஊத்திக்குவாங்க."

"அப்பறம்?"

"வூட்ல இருக்கற துணியெல்லாம் அலசுவாங்க."

"எல்லாத் துணியுமா? ஒண்ணு ரெண்டு வுட்டுடலாமா?"

"வுடக்கூடாது. தீட்டு."

"அன்னிக்கு உங்க வீட்ல அலசினீங்களா?"

"ஆமா."

"மத்த பங்காளிங்க?"

"பதினோரு வூட்லயும்தான் அலசினாங்க."

"அப்ப பதினோரு வீட்லயும் சாட்சியத்த அழிச்சாங்களா? இல்ல, வாசல்ல வந்து நின்னு அலசச் சொன்னது நீங்கதானா?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ராமதாஸ் ஜட்ஜைப் பார்த்தான். "அய்யா, நான் சாவத்தான் சொன்னேன்" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கூண்டில் ராஜமாணிக்கம் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தனம் ஏறினாள். அரசு வக்கீல் சுருக்கமாகக் கேட்டார்.

"கஸ்தூரி உங்க வீட்டுக்கு வந்து என்ன சொன்னா?"

"அடிச்சுட்டேன்னு சொன்னாங்க."

"அவ்வளவுதான்" என்று அரசு வக்கீல் உட்கார்ந்தார்.

அருணகிரி எழுந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, அடிச்சுட்டேன்னு மட்டுந்தான் சொன்னாங்களா? வேற ஒரு வார்த்தையும் சொல்லலியா?"

தனம் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்தாள். சுவரோரம் நின்ற ராமதாஸ் தொண்டையைக் கனைத்தான். ஜட்ஜ் தலையை உயர்த்தி அந்தப் பக்கம் பார்த்தார்.

"சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"கழுத்த நெரிச்சாரு, அடிச்சுட்டேன், தொட்டியாண்ட உக்காந்திருக்காரு, ஓடு ஓடுன்னு சொன்னாங்க."

"நீங்க உடனே ஓடினீங்களா?"

"ஓடினேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு துண்ட எடுத்தீங்களா?"

வெளியே நடந்து போகும் கூட்டத்தின் சத்தம் கடல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

"எடுத்தேன். அவங்க மேல போட்டேன்."

"ஏன்?"

"மேல துணி சரியா இல்ல."

"துணி எப்படி…"

"அது எனக்குத் தெரியாது" என்றாள் தனம் வேகமாக. "நான் பாக்கல. பாத்தத சொன்னேன். அவங்க சொன்னத சொன்னேன். எங்க வூட்டுக்காரர் இப்டி அப்டின்னு என்ன சொல்ல வைக்காதீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"வேணாம்மா. இது போதும்" என்று அருணகிரி உட்கார்ந்துவிட்டார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஒரே காயம் என்று சொன்னார். மறு வாய்தாவில் ஜட்ஜ் கஸ்தூரியைக் கேள்வி கேட்டார். சாட்சி சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்றார். அவள் இரண்டு வருஷமாகச் சொன்னதை அதே சொற்களில் சொன்னாள்.

"மானபங்கம் செய்ய வந்தாரா, கொல்ல வந்தாரா?"

"அவரு மனசுல இன்னா இருந்துதுன்னு எனக்குத் தெரியாதுங்க. கழுத்துல கை இருந்துது. மூச்சு இல்ல. அதுதான் தெரியும்."

"ஏன் மறுபடி அடிக்கவில்லை?"

அவள் கேள்வி புரியாதவளைப் போல அவரைப் பார்த்தாள்.

"அதான் கைய வுட்டுட்டாரேங்க."

ஜட்ஜ் அதைத் தானே குனிந்து எழுதிக்கொண்டார்.

*

ஆனி மாதம் தீர்ப்பு வந்தது. இரண்டு பேரும் விடுதலை. இங்கிலீஷில் வாசித்ததை வெளியே வேப்பமரத்தடியில் வைத்து அருணகிரி சொன்னார்.

"சந்தேகத்துனால வுட்டேன்னு எழுதல. அடிச்சா, தன் உசுர காப்பாத்திக்க அடிச்சா, அது குத்தமே இல்லன்னு எழுதியிருக்காரு. அடிச்சுட்டேன்னு சொன்னத எடுத்துக்கிட்டா, கழுத்த நெரிச்சாருன்னு சொன்னதயும் சேத்துத்தான் எடுத்துக்கணுமாம். உன் பிடிவாதம் ஜெயிச்சுடுச்சும்மா."

ராஜமாணிக்கம் அழுதான். கஸ்தூரி பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவனிடம் கொடுத்தாள். சாயங்காலம் அதே பஸ்ஸில் ஊருக்கு வந்தார்கள். தெரு முனையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் கடந்து போனதும் பேச்சு மறுபடி தொடங்கியது.

"காசு குடுத்து வாங்கினது."

"வக்கீலு கெட்டிக்காரன். அவ்ளோதான்."

ஆடியில் மானாவாரிக்கு ஏர் ஓட்டினார்கள். விதை போட்டார்கள். களையெடுக்கவும் ஆள் வரவில்லை. கிணற்று முறை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல் நடந்தது. தனம் தன் முறைக்கு வந்து மோட்டார் போட்டுவிட்டு, நிறுத்தும்போது சாவியை மோட்டார் கொட்டகைக் கதவில் மாட்டிவிட்டுப் போவாள். மறுநாள் கஸ்தூரி எடுப்பாள். சாவி கைமாறியது. பேச்சு இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்த ஒரு காலையில் சின்னசாமியின் அம்மா காசியம்மாள் இறந்துபோனாள். மகன் போன நாளிலிருந்தே படுத்தபடி இருந்தவள். கஸ்தூரிக்குச் சின்ன மாமியார் முறை. கல்யாணமாகி வந்த புதிதில் கொடி உருவும்போது காம்பு ஒட்டாமல் காயை எடுக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

சத்தம் முதலில் அழுகையாகத்தான் வந்தது. ராஜமாணிக்கம் அன்று வேலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டார்கள். அடுப்பில் கூழுக்கு உலை வைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ராமதாஸ் குடை பிடித்துக்கொண்டு தெருவில் வந்தான். ஒவ்வொரு வாசலாக நின்றான். பக்கத்து வீட்டு வாசலில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் இவர்கள் வாசலுக்கு வந்து, நிற்காமல், அடுத்த வாசலுக்குப் போனது.

ராஜமாணிக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிச்சதுக்கு மறுநாள்கூட நின்னு சொல்லிட்டுத்தான் போனான்" என்றான். "கோர்ட்டுல வுட்டதுக்கு அப்பறம் தாண்டிப் போறான்."

"சொல்லாத சாவுக்குத் தலைக்கு ஊத்திக்கலாமாப்பா?" என்று ஓவியா கேட்டாள்.

"கூடாது. நாம யாருன்னு ஊத்திக்கறது?"

உலை கொதித்தது. கஸ்தூரி மாவைக் கரைத்து வைத்திருந்தாள். ஊற்றவில்லை. அணைக்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம், குடம் இடிபடும் சத்தம், ஒரு குழந்தை குளிரில் வீறிட்டு அழும் சத்தம். தெருவில் மற்றப் பத்து வீட்டிலும் தண்ணீர் ஓடியது.

வாசலில் நிழல் தட்டியது. தனம் நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழையா, ஊற்றிக்கொண்டதா தெரியவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள். முன்பெல்லாம் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். இப்போது எதுவும் கூப்பிடவில்லை. அடுப்பைப் பார்த்தாள். பிறகு கஸ்தூரியைப் பார்த்தாள்.

"அத்த பூட்டாங்க" என்றாள். "மத்தியானம் எடுக்கறாங்க."

சொல்லிவிட்டு உடனே திரும்பி, சேற்றில் காலை அழுத்தி ஊன்றி நடந்து போனாள். தெரு முனையில் நின்ற ராமதாஸ் அவளை ஏதோ கேட்டான். அவள் நிற்கவில்லை.

கஸ்தூரி எழுந்து அடுப்பில் இருந்த கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். மகளைக் கூப்பிட்டுத் தலையில் ஊற்றினாள். தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். ராஜமாணிக்கம் கொடியிலும் மூலையிலும் கிடந்த துணிகளை அள்ளினான். கதவு வரைக்கும் கொண்டு வந்து அப்படியே நின்றுவிட்டான்.

"எடுத்துட்டு வா" என்றாள் கஸ்தூரி தொட்டியடியிலிருந்து. "ஒண்ணுகூட வுடாத. எல்லாத்தயும் எடுத்துட்டு வா."

மழை விட்டிருந்த கொஞ்ச நேரத்தில் பாடையைத் தூக்கினார்கள். அப்போது அந்தத் தெருவில் பதினோரு வீட்டுக் கொடியிலும் ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது.